செய்து காட்டச் சொல்லுங்கள்

இன்சுலின் போடும் சிரிஞ்சுக்கு மூடி இரண்டு நிறத்தில் வரும். சிவப்பு மூடி, ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும் இன்சுலினுக்கு. ஆரஞ்சு மூடி, ஒரு மில்லியில் 100 யூனிட் இருக்கும் இன்சுலினுக்கு. நம் ஊர் மருந்துக்கடைகளில் இரண்டும் கிடைக்கும். குப்பியில் வருவது பெரும்பாலும் 40, பேனாவில் மாட்டும் கார்ட்ரிட்ஜ் 100, குப்பியிலேயே 100 வருவதும் உண்டு. டாக்டர் 20 யூனிட் என்று எழுதியிருக்கிறார். கையில் இருப்பது 100 யூனிட் குப்பி, வீட்டில் மிச்சம் இருப்பது சிவப்பு மூடி சிரிஞ்சு. 20 என்ற கோடு வரைக்கும் சரியாகத்தான் இழுக்கிறார்கள். உடம்புக்குள் போவது 50 யூனிட், இரண்டரை மடங்கு. இதுவே மாறிப்போய், 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் எடுத்தால் போவது 8 யூனிட் மட்டும். சுகர் ஏன் இறங்கவே மாட்டேன் என்கிறது என்று அடுத்த மாதம் டோஸைக் கூட்டுவார்கள். இதில் நோயாளி அலட்சியமாக எதுவும் செய்யவில்லை. எண்ணைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், அளந்து இழுத்தார். மூடியின் நிறத்தையும் குப்பியில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் ஒன்றாக வைத்துப் பார்க்கவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அல்லது சொன்னார்கள், அவர் தலையாட்டினார், அத்தோடு முடிந்தது.

அந்தத் தலையாட்டலை நம்பித்தான் இன்று எத்தனையோ சிகிச்சைகள் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி வீட்டுக்குப் போகின்றன. மூக்கு வழியாகப் போட்ட டியூபில் கஞ்சி கொடுப்பது, யூரின் பையைப் பார்த்துக்கொள்வது, ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், நெபுலைசர், தொண்டையில் துளை போட்டு வைத்த குழாயைச் சுத்தம் செய்வது, சுகர் பார்க்கும் மெஷின், வயிற்றின் வழியாக வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் என்று பட்டியல் வருடத்துக்கு வருடம் நீள்கிறது. ஒரு காலத்தில் பயிற்சி பெற்ற நர்ஸ் மட்டும் தொட்ட கருவிகளை இன்று மருமகளும் மகனும் பன்னிரண்டாவது படிக்கும் பேத்தியும் கையாள்கிறார்கள். நோயாளிக்குக் கற்றுக்கொடுப்பது முக்கியம் என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை. நான் சொல்லவருவது அதைவிடக் கறாரானது. நோயாளியோ அவரைப் பார்த்துக்கொள்பவரோ தன் கையால் செய்து காட்டி, அதை ஒருவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அந்தச் சிகிச்சை கொடுக்கப்பட்டதாகவே கணக்கில் எழுதக்கூடாது. கருவியைக் கொடுத்ததும் சிகிச்சை ஆகாது, விளக்கிச் சொன்னதும் ஆகாது.

இதற்கு முன்னால் ஒரு அடிப்படைக் கேள்வி இருக்கிறது. வீட்டில் வைத்து இதையெல்லாம் செய்வது நல்லதுதானா? ஏழை வீடு, நெருக்கமான வீடு, காற்றோட்டம் இல்லாத வீடு என்றால் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருப்பதுதானே பாதுகாப்பு? இந்தக் கேள்விக்கு உலகம் நம்பிய பதில்களில் ஒன்று கிடைத்தது சென்னையில்தான். 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து இங்கே காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்கவைத்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுக்கவேண்டும் என்பதுதான் அன்றைய மருத்துவம். அந்த மையம் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது, மறு பாதி நெரிசலான குடியிருப்புகளில் தங்கள் வீட்டிலேயே இருந்தது. இரண்டு தரப்புக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருடத்துக்கு. வீட்டில் இருந்தவர்களுக்கு ஓய்வும் குறைவு, சாப்பாடும் சுமார். ஆனாலும் 1959-இல் வெளியான முடிவில் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கூட இருந்த குடும்பத்தாருக்குத் தொற்று கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகம் முழுக்கக் காசநோயாளிகள் சானடோரியத்தை விட்டு வீட்டுக்கு வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த ஆய்வைச் சொல்லும்போது பலரும் பாதியைத்தான் சொல்கிறார்கள். 'வீட்டுச் சிகிச்சையே போதும்' என்பது பாதி. மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டு ஒரு வருடம் கழித்து அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை என்பது மீதி. நோயாளி மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போவார். சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே போவார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய் மிச்சமிருக்கும் மாத்திரையை எண்ணுவார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போனதா என்று பார்ப்பார்கள். வீடு ஆஸ்பத்திரிக்கு ஈடானது அந்தப் பின்தொடர்தலால்தான். அறுபது எழுபது வருடங்களாக நாம் அந்த ஆய்வின் சிக்கனமான பாதியை எடுத்துக்கொண்டு உழைப்பு கேட்கும் பாதியை விட்டுவிட்டோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, சொல்லிக்கொடுத்தால் போதாதா, எதற்காகச் செய்து காட்டவும் வேண்டும்? மனித ஞாபகம் எப்படிப்பட்டது என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். நெதர்லாந்தின் நரம்பியல் உளவியலாளர் ராய் கெசல்ஸ் 2003-இல் இதைப்பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார். மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் உடனேயே மறந்துபோகிறது, ஞாபகம் இருப்பதாக நினைப்பதிலும் ஏறக்குறையப் பாதி தப்பு. டிஸ்சார்ஜ் ஆகும் நாளின் நிலைமையை இதோடு சேர்த்துப் பாருங்கள். பில் கட்டவேண்டும், இன்சூரன்ஸ் ஒப்புதல் வரவேண்டும், வெளியே வண்டி காத்துக்கொண்டிருக்கிறது, நோயாளிக்கு வலி, கூட இருப்பவருக்குப் பல ராத்திரி தூக்கமில்லை. ஒரு மனிதன் எதையும் கற்றுக்கொள்ள முடியாத நேரம் ஒன்றைத் தேடிப் பிடிக்கச் சொன்னால் இதைத்தான் காட்டலாம். அந்த நேரத்தில்தான் நாம் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறோம்.

இன்ஹேலரை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு சின்னக் கருவி, அவ்வளவு பழகிய கருவி. 2016-இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் நாற்பது வருட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் கணக்கு. இன்ஹேலரைச் சரியாகப் பயன்படுத்தியவர்கள் 31 சதவீதம். அந்த எண்ணைவிட என்னைக் கலங்கவைத்தது, நாற்பது வருடத்தில் அது முன்னேறவே இல்லை என்பது. மருந்து மாறிவிட்டது, கருவி மாறிவிட்டது, விளக்கப் படங்கள் வந்துவிட்டன, ஆனால் பிழை அப்படியே இருக்கிறது. ஏன் என்பதைக் கிட்டே போய்ப் பார்த்தால் தெரியும். அழுத்தினால் புஸ் என்று வரும் பஃப் வகைக்கு மூச்சை முழுக்க வெளியே விட்டு, வாயைச் சுற்றி இறுக்கி, மெதுவாக ஆழமாக இழுக்கத் தொடங்கும்போது ஒரு அழுத்து அழுத்தி, தொடர்ந்து இழுத்து, பத்து விநாடி மூச்சை அடக்கவேண்டும். கேப்சூலைப் போட்டுத் திருகி இழுக்கும் பொடி வகைக்கு அப்படியே நேர்மாறு. மெதுவாக இழுத்தால் பொடி கிளம்பாது, வேகமாக, பலமாக இழுக்கவேண்டும். ஒரே நோயாளிக்கு இரண்டையும் எழுதிக்கொடுக்கிறார்கள், 'இழுங்க' என்ற ஒரே சொல்லோடு. கேப்சூலை மாத்திரை என்று நினைத்து விழுங்குபவர்களும் உண்டு. இந்தத் தப்பு எதுவும் கேள்வி கேட்டால் வெளியே வராது. 'இன்ஹேலர் ஒழுங்கா எடுக்குறீங்களா?' என்று கேட்டால் நோயாளி மனசாரத்தான் 'எடுக்கிறேன் டாக்டர்' என்பார். கையில் கொடுத்து இழுக்கச் சொன்னால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

'புரிஞ்சுதா?' என்ற கேள்விக்கு நம் ஊரில் 'புரியலை' என்று பதில் வருவது அபூர்வம். பெரிய டாக்டர் முன்னால் புரியவில்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு, அவர் நேரத்தை வீணாக்குவது, தன்னைப் படிக்காதவன் என்று காட்டிக்கொள்வது என்று ஆயிரம் தயக்கம். இது நமக்கு மட்டுமான சிக்கலும் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் அரசு மருத்துவமனைக்கு வரும் சர்க்கரை நோயாளிகளை வைத்து டீன் ஷில்லிங்கர் குழுவினர் செய்த ஆய்வு 2003-இல் வெளியானது. டாக்டர்கள் புதிதாகச் சொன்ன விஷயங்களில் எட்டில் ஒன்றைத்தான் 'நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்' என்று சரிபார்த்திருக்கிறார்கள். அப்படிச் சரிபார்த்த டாக்டர்களிடம் போன நோயாளிகளுக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடு மேலாக இருந்தது. இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. சரிபார்த்ததால் அந்தச் சந்திப்புகள் நீண்டுவிடவும் இல்லை. சைக்கிள் கற்றுக்கொடுப்பவர் யாரும் விளக்கிச் சொல்லிவிட்டு 'புரிஞ்சுதா' என்று கேட்டுக் கிளம்புவதில்லை, பின்னால் பிடித்துக்கொண்டே ஓடுகிறார். உயிர் போகும் காரியத்தில் மட்டும் நாம் ஏன் வாய்வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறோம்?

நன்றாகக் கற்றுக்கொடுத்தால் அது எப்படி இருக்கும் என்பதற்கு வீட்டு டயாலிசிஸைப் பார்க்கலாம். சி.ஏ.பி.டி. என்று சொல்வது. வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் நிரந்தரமாக இருக்கும். இரண்டு லிட்டர் திரவத்தை அதன் வழியாக உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து, கழிவோடு வெளியே எடுத்துவிட்டுப் புதுப் பை மாட்டவேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, வருடம் முழுக்க. 1970-களின் பின்பாதியில் இந்த முறை வந்தபோது வயிற்றுக்குள் சீழ் பிடிப்பதுதான் பெரிய பயம். பைகளும் இணைப்புகளும் மேம்பட்டதால் அந்தப் பயம் குறைந்தது உண்மை. ஆனால் இணைப்பைக் கழற்றி மாட்டும் அந்தச் சில விநாடிகள் இன்றும் வீட்டில் இருப்பவரின் கையில்தான் இருக்கின்றன. மாஸ்க் கட்டி, ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, சோப்புப் போட்டுக் கையைக் கழுவி நன்றாகத் துடைத்து, மூடியைக் கழற்றி, முனை எதன் மீதும் படாமல் இணைக்கவேண்டும். பட்டுவிட்டால் மேற்கொண்டு எதுவும் செய்யாமல் கிளாம்ப்பைப் போட்டுவிட்டு நர்ஸுக்குப் போன் செய்யவேண்டும். வெளியே வந்த திரவப் பைக்குப் பின்னால் செய்தித்தாளை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் சரி, மங்கலாகத் தெரிந்தால் திரவம் கலங்கியிருக்கிறது, தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே பையோடு ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நாள் போதாது. ஒரு நர்ஸ், ஒரு நோயாளி, பல நாள், நோயாளி தானே செய்து காட்டித் தேறும் வரைக்கும் என்பதுதான் உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட முறை. இதற்கென்று வயிற்று டயாலிசிஸுக்கான பன்னாட்டுச் சங்கம் 2016-இல் ஒரு பாடத்திட்டமே வெளியிட்டது. பிரேசிலில் ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், மொத்தம் 15 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி பெற்றவர்களுக்குத் தொற்று குறைவாக இருந்தது. தொற்று ஒரு முறை வந்துவிட்டால், ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தால், கைநடுக்கமோ பார்வைக் குறைவோ வந்தால் மறுபடி பயிற்சி என்பதும் அதே துறையின் நடைமுறை. ஒருமுறை தேறியவர் நாளடைவில் சுருக்குவழி கண்டுபிடிப்பார் என்பதை அவர்கள் புரிந்துவைத்திருக்கிறார்கள். இந்தக் கவனத்தில் நாலில் ஒரு பங்குகூட மூக்கு டியூபோடு வீட்டுக்குப் போகிறவருக்குக் கிடைப்பதில்லை.

மூக்கு டியூப் ஆபத்தில் குறைந்ததா என்ன? தலையை உயர்த்தி உட்காரவைக்காமல் கொடுத்தால் கஞ்சி நுரையீரலுக்கு ஏறலாம். கொடுத்து முடித்ததும் உடனே படுக்கவைத்தாலும் அதே ஆபத்து. மூக்கின் ஓரத்தில் டியூபில் போட்டிருக்கும் குறி நகர்ந்திருந்தால் டியூப் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம், அப்போது எதையும் ஊற்றக்கூடாது. யூரின் டியூபும் அப்படித்தான். வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் பையைக் கீழே தொங்கவிட இடமில்லை என்று நோயாளியின் மடியில் வைத்துக்கொள்வார்கள். பையில் இருக்கும் சிறுநீர் திரும்பி மேலே போகும், கிருமியோடு. பை எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழேதான் இருக்கவேண்டும், ஆனால் தரையைத் தொடக்கூடாது என்பது ஒரே வரி. ஆனால் ஆட்டோவில், கட்டிலில், குளியலறையில், நடக்கும்போது என்று நான்கு இடத்தில் அந்த வரியை எப்படிச் செயலாக்குவது என்று காட்டிப் பழக்கினால்தான் அது நிற்கும்.

இதற்கு முதல் ஆட்சேபம் நேரம். அரசு ஆஸ்பத்திரி வார்டில் ஒரு சிஸ்டர் எத்தனை படுக்கையைப் பார்க்கிறார் என்று யோசித்துவிட்டுப் பேசு என்பார்கள். யோசித்துவிட்டுத்தான் பேசுகிறேன். அவர்களுக்கு நேரமில்லை என்பது உண்மை, அந்தப் பளுவோடு அவர்கள் செய்யும் வேலைக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள் என்பதும் உண்மை. ஆனால் நேரம் என்பது மழைபோல் தானாகக் குறைந்துபோவதல்ல, எதற்குச் சம்பளமும் பதவியும் கொடுக்கிறோமோ அதற்கு நேரம் கிடைக்கும். அமெரிக்காவில் 1970-களின் தொடக்கத்தில் டயாலிசிஸ் செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் வீட்டில்தான் மெஷின் வைத்துச் செய்துகொண்டார்கள். 1964-லேயே சியாட்டிலில் அதற்கான பயிற்சி தொடங்கிவிட்டது. 1973-இல் அரசுக் காப்பீடு ஏறக்குறைய எல்லா டயாலிசிஸுக்கும் பணம் கொடுக்கத் தொடங்கியது, மையங்கள் பெருகின, வீட்டில் செய்பவர்களின் விகிதம் சில வருடங்களில் சரிந்தது. நோயாளிகளின் கைத்திறன் திடீரென்று மங்கிவிடவில்லை. மையத்தில் உட்காரவைத்துச் செய்வதற்குப் பணம் வந்தது, உட்கார்ந்து கற்றுக்கொடுப்பதற்கு அந்த அளவுக்கு வரவில்லை. எதிர்த்திசையில் ஹாங்காங் 1985-லிருந்து வீட்டு வயிற்று டயாலிசிஸையே முதல் வழியாக வைத்தது, அதற்கேற்ற நர்ஸ்களையும் வைத்தது. நம் காப்பீட்டுத் திட்டங்களில் ஸ்டென்ட்டுக்கு ஒரு தொகை உண்டு, அறுவைக்கு ஒரு தொகை உண்டு. கற்றுக்கொடுத்துச் செய்து காட்டவைத்ததற்கு ஒரு தொகை என்று தனியாக வைத்தால் தனியார் ஆஸ்பத்திரிகளும் நேரத்தைக் கண்டுபிடித்துவிடும். அதுவும் டிஸ்சார்ஜ் அன்று வேண்டாம். டியூப் போட்ட அன்றே தொடங்கலாம். சிஸ்டர் எப்படியும் மூன்று வேளை கஞ்சி ஊற்றத்தான் போகிறார். இரண்டாம் நாள் கூட இருக்கும் குடும்பத்தவர் ஊற்றட்டும், சிஸ்டர் பார்க்கட்டும்.

படிக்காதவர்களுக்கு இதெல்லாம் முடியுமா என்பது அடுத்தது. இந்த ஆட்சேபத்தில் அக்கறையைவிட அலட்சியம்தான் அதிகம் என்று சொல்லத் துணிகிறேன். செய்தித்தாள் சோதனையைத் திரும்பப் பாருங்கள். எழுத்து தெரிகிறதா என்று பார்த்தால் போதும், என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவேண்டியதில்லை. மூடியின் நிறமும் அப்படித்தான். படிப்பு தேவைப்படுவது நாம் கொடுக்கும் காகிதத்துக்கு. டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில், மாத்திரை அட்டை ஆங்கிலத்தில், மெஷினோடு வரும் புத்தகம் பொடி எழுத்தில். பட்டம் வாங்கியவருக்கே அது கஷ்டம். செய்து பழகுவதில் படித்தவர் படிக்காதவர் வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. தறியும் ஏரும் பிடித்த கைக்கு ஒரு கிளாம்ப்பைத் திருகுவது பெரிய காரியம் இல்லை.

பாதுகாப்பு பற்றிய பயம் நியாயமானது, அதற்கு ஆதாரத்தோடு பதில் சொல்லவேண்டும். 1972-இல் மிச்சிகனில் ஜாக் லாப்பிடஸ் என்ற சிறுநீரியல் மருத்துவர், நோயாளிகள் தாங்களே ஒரு நாளைக்குப் பல முறை டியூபை நுழைத்துச் சிறுநீரை எடுத்துவிட்டுக் கழற்றிவிடலாம், அறுவை அரங்கம்போல் கிருமி நீக்கிய சூழல் அதற்கு வேண்டாம், சுத்தமான கை போதும் என்றார். அன்றைக்கு அது பலருக்கு அதிர்ச்சி. சிறுநீர் தேங்கி நிற்பதுதான் தொற்றுக்கு வழி, நேரத்துக்கு எடுப்பதே முக்கியம் என்பது அவர் வாதம். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு இன்று அதுதான் வழக்கமான முறை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டிலேயே விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்த்து அளவைக் கவனித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பல சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்து 2012-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். ரத்தக்கட்டு ஏற்படுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது, பெரிய ரத்தக்கசிவு கூடவில்லை. பிரிட்டனில் முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்கு ஐந்து நாள் பயிற்சி கொடுத்து, சாப்பாட்டுக்கு ஏற்ப இன்சுலின் அளவைத் தாங்களே முடிவுசெய்ய விட்டார்கள். 2002-இல் வந்த அந்த முடிவில், ஆறு மாதத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கியது, ஆபத்தான தாழ்சர்க்கரை கூடவில்லை. ஆனால் இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் பயிற்சி கொடுத்துத்தான் விட்டார்கள், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை பற்றிய ஆய்வுகளில் பயிற்சியில் தேறாதவர்களும் விரும்பாதவர்களும் கணிசமாக இருந்தார்கள். எல்லோராலும் எல்லாமும் முடியும் என்று நான் சொல்லவில்லை. யாரால் முடியும், யாரால் முடியாது என்று கண்டுபிடிக்கவும் செய்து காட்டச் சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை. கை நடுங்கும் தாத்தாவால் பை மாற்ற முடியாது என்பது வார்டிலேயே தெரிந்துவிட்டால் வேறு ஏற்பாடு செய்யலாம். வீட்டுக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பி வந்த பிறகு தெரிந்து பயன் என்ன?

எனக்கு மிகவும் கனமாகத் தோன்றும் ஆட்சேபம் வேறு. இப்படிக் கற்றுக்கொடுக்கிறோம் என்ற பெயரில் ஆஸ்பத்திரி தன் வேலையைக் குடும்பத்தின் தலையில் கட்டுகிறது, குடும்பம் என்றால் நடைமுறையில் பெண் என்பது அது. மனைவி, மருமகள், மூத்த மகள். ராத்திரி இரண்டு மணிக்குச் சளி உறிஞ்சுவது அவர், காலையில் சமைப்பதும் அவர், வேலைக்குப் போவதை நிறுத்திக்கொள்வதும் அவர். இந்த ஆட்சேபத்தை நான் முழுதாக ஏற்கிறேன், மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் இதிலிருந்து கிடைக்கும் முடிவு, கற்றுக்கொடுக்கவேண்டாம் என்பதல்ல. பளு ஏற்கெனவே அவர் தோளில்தான் இருக்கிறது, கற்றுக்கொடுக்காமல் விட்டால் பயமும் பழியும் சேர்ந்து ஏறும். மாமனாருக்கு நெஞ்சில் சளி கட்டினால் 'நீ ஒழுங்கா பாத்துக்கலை' என்ற சொல்லும் அவருக்குத்தான் வரும். அதனால் இரண்டு விஷயங்களை நிபந்தனையாக வைக்கவேண்டும். ஒரு வீட்டில் ஒருவருக்கு மட்டும் கற்றுக்கொடுக்கக்கூடாது, குறைந்தது இருவருக்கு, அதில் ஒருவர் ஆணாக இருக்கட்டும். வார்டில் கூட இருக்கும் பெண்ணிடம் சொல்லிமுடித்துவிட்டு, சாயங்காலம் வந்து கையெழுத்துப் போட்டுப் போகும் மகனை விட்டுவிடும் வழக்கம் மாறவேண்டும். அடுத்தது, கற்றுக்கொண்டவர் ஓய்வெடுக்க வழி வேண்டும். கேரளம் 2008-இல் வலி தணிப்பு மருத்துவத்துக்கு அரசுக் கொள்கை வகுத்து, உள்ளாட்சிகள் வழியாக வீட்டுக்கு நர்ஸ் வரும் ஏற்பாட்டைப் பரப்பியது. அதற்கும் முன்னால் கோழிக்கோட்டிலும் மலப்புறத்திலும் அக்கம்பக்கத்துத் தொண்டர்கள் புண்ணைச் சுத்தம் செய்யவும் குடும்பத்தினருக்குச் சொல்லிக்கொடுக்கவும் பழகியிருந்தார்கள். அங்கே வேலை வீட்டோடு நிற்காமல் தெருவுக்கும் பங்காகிறது.

வீடியோ போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில். வீடியோ நல்லது, திரும்பத் திரும்பப் பார்க்கலாம், பாராமுகம் காட்டாது. ஆனால் நீங்கள் சிரிஞ்சை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் இதற்குப் புதிதாக ஒரு இயக்கம் கட்டவேண்டிய அவசியம் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ஏற்கெனவே வாசல்படி வரை போகிறது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் பி.பி., சுகர் மாத்திரைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், வலி தணிப்பு நர்ஸும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்குப் போகிறார்கள், சி.ஏ.பி.டி. பைகளும் அந்தத் திட்டத்தில் சேர்ந்தவை. 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் பணிக்குழு விருதும் அதற்குக் கிடைத்தது. போவது என்ற மிகக் கஷ்டமான பகுதி நடந்துகொண்டிருக்கிறது. போன இடத்தில் என்ன கேட்பது என்பதைத்தான் மாற்றவேண்டும். 'மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?' என்பதற்குப் பதில், 'ஊசி போடுறதை எனக்கு ஒருவாட்டி காட்டுங்கம்மா.' ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டியாகிப்போன வயிறு அப்போது தெரியும், அந்தக் கட்டியில் போட்டால் இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படாது. மாம்பழம் உரித்த கையைக் கழுவாமல் சுகர் பார்த்து, இல்லாத 250-ஐக் கண்டு பயந்து கூடுதல் யூனிட் போடுவது தெரியும். ஸ்ட்ரிப் டப்பா மூடாமல் ஈரத்தில் கிடப்பது தெரியும். இதற்குத் தன்னார்வலர்களுக்குக் கூடுதல் பயிற்சியும், அதற்கேற்ற சம்பளமும் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஊக்கத்தொகையில் ஓட்டிவிடக்கூடிய வேலை அல்ல இது.

இதெல்லாம் நடக்கும்வரை வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்றால், டிஸ்சார்ஜ் என்று சொன்னதும் நீங்களே கேட்கலாம். 'சிஸ்டர், நான் ஒருவாட்டி செஞ்சு காட்டுறேன், தப்பு இருந்தா சொல்லுங்க.' யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், பெரும்பாலான சிஸ்டர்களுக்கு அது நிம்மதியாகத்தான் இருக்கும். எது நடந்தால் வீட்டிலேயே சமாளிக்கலாம், எது நடந்தால் உடனே கிளம்பவேண்டும் என்று இரண்டையும் தனித்தனியாகத் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சுகர் 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது, மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைப்பது என்ற அளவுக்குத் துல்லியமாக இருக்கட்டும். ராத்திரியில் சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு எண் கேட்டு வாங்கி, வார்டிலிருந்து கிளம்புவதற்கு முன்னால் அதற்கு ஒருமுறை போன் போட்டு யாராவது எடுக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.